முப்பது நிமிடத்துக்கு அப்பால்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. பிஎச்.டி. என்று வந்துவிட்டால் இதெல்லாம் சகஜம்.

சீடர் திருமலைச்சாமி கல்லூரி ஆசிரியர். வெண்ணெய்ப்பழத்திலிருந்து, அதாவது அவகாடோவிலிருந்து, எண்ணெய் எடுப்பது அவருடைய ஆராய்ச்சி. பழக்கூழில் மீயொலி, அதாவது அல்ட்ராசவுண்ட், பாய்ச்சினால் செல்கள் உடையும். பிறகு நொதி சேர்த்தால் எண்ணெய் பிரிந்து வெளியே வரும். எவ்வளவு நேரம் பாய்ச்சினால் அதிக எண்ணெய் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. இந்த மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். பாவம், மனிதர் சரியாகத் தூங்கியே பல நாளாகிறது.

அன்று காலை நெறியாளர் பியூலாவின் முன்னால் போய் நின்றார்.

"மேடம், பத்து நிமிஷத்தைவிட இருபதுல அதிகம் வருது. இருபதைவிட முப்பதுல அதிகம். முப்பதுதான் உச்சம்னு எழுதிடட்டுமா?"

"நாற்பது வச்சுப் பார்த்தீங்களா சார்?"

"இல்லை மேடம். கெட்டுப்போயிடும்னு..."

"போனா?"

திருமலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த வயசுல வந்து பழத்தைக் கெடுத்துட்டு நிக்கிறாரேன்னு லேப்ல பசங்க சிரிப்பாங்க மேடம்."

பியூலா சிரிக்கவில்லை.

"சரி, நான் கெடுக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். பழ சீசன் முடிந்துவிட்டது. இருந்தது கடைசிக் கூழ். முப்பதையே இன்னொரு முறை செய்து பார்க்கலாம் என்று திருமலைச்சாமி பொத்திப் பொத்தி வைத்திருந்தது.

"மேடம், அது..."

பியூலா மீயொலிக் கருவியில் நாற்பது வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டார்.

திருமலைச்சாமி பக்கத்திலேயே நின்று, கூழ் சூடாகாமல் ஐஸ் மாற்றிக்கொண்டிருந்தார். பிறகு நொதி சேர்த்தார்கள். இளஞ்சூட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

சாயங்காலம் அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி எடுத்துப் பார்த்தால், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் குழாய் முழுக்க மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. மேலே பெயருக்குக் கொஞ்சம் எண்ணெய் மிதந்தது. முப்பதில் வந்ததில் பாதிகூட இல்லை.

திருமலைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் வீணாப் போச்சே மேடம்."

பியூலா குழாயை அவர் கையில் கொடுத்தார்.

"வீணா? இப்பதான் சார் முப்பது உச்சம் ஆச்சு. காலை வரைக்கும் அது நீங்க பயந்து நின்ன இடம்."