புகையை எண்ணிய பண்டிதர்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போவதே பெரும்பாடாக இருந்த காலத்தில், கீர்த்திபாலன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சையே வேதவாக்காக நம்புகிற ஆள்.

ஒருநாள் பக்கத்து நாட்டு ராஜாவிடமிருந்து ஓலை வந்தது. ‘எம் நாடு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு முன்னேறிவிட்டது. தங்கள் நாடு எத்தனை பங்கு?’ என்று கேட்டிருந்தது. அவ்வளவுதான். அன்று முழுக்க மன்னனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் முழங்கினான். “நம் நாடு எத்தனை பங்கு முன்னேறியிருக்கிறது? எனக்கு ஓர் எண் வேண்டும். அது தொண்ணூறுக்கு மேலாகவும் இருக்க வேண்டும்!”

விடையை முதலில் சொல்லிவிட்டுக் கணக்குப் போடச் சொல்வது ராஜாக்களுக்கே உரிய வசதி. உடனே எழுந்தவர் சபேசப் பண்டிதர். சபையில் மூத்தவர், தொப்பையிலும் மூத்தவர்.

“மன்னர் மன்னா! நாட்டின் செழிப்பை அடுப்பு சொல்லும். அடுப்பு எரிந்தால் சோறு வெந்தது என்று பொருள். சோறு வெந்தால் குடிகள் உண்டார்கள் என்று பொருள். தினமும் காலையில் அடியேன் கோட்டை மாடத்தில் ஏறி எத்தனை வீட்டில் புகை எழுகிறது என்று எண்ணிச் சொல்கிறேன்.”

“ஏன் பண்டிதரே, கீழே இறங்கிப் போய், சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் ஆகாதா?” என்றது ஒரு குரல். அது அரசவை விகடகவி தொந்தியப்பன். பெயர்தான் தொந்தியப்பன், ஆள் ஒட்டடைக்குச்சி. அவன் வாயைத் திறந்தால் மன்னன் சிரிப்பான், பண்டிதர் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுவான். பண்டிதருக்கு வயிற்றெரிச்சல் வர இது போதாதா?

“சாமானியனைக் கேட்டால் சாமானியப் பதில்தான் வரும். உயரத்திலிருந்து பார்த்தால்தான் நாடு முழுதாகத் தெரியும்” என்றார் பண்டிதர். மன்னனும் தலையாட்டினான்.

மாடத்திலிருந்து தெரிந்தவை ஆயிரம் வீடுகள். அவ்வளவுதான் நாடு என்று பண்டிதர் வைத்துக்கொண்டார். முதல்நாள் எண்ணியதில் அறுநூறு வீட்டில்தான் புகை. மன்னன் முகம் சுருங்கிவிட்டது. பண்டிதர் அசரவில்லை. புகையாத வீட்டுக்காரருக்குப் பத்துக் கசையடி என்று தண்டோரா போடச் சொன்னார். பத்தே நாளில் ஆயிரம் வீட்டிலும் புகை! நூற்றுக்கு நூறு! பக்கத்து நாட்டுக்குப் பெருமையாக ஓலை பறந்தது. கையோடு பண்டிதர் இன்னொரு யோசனையும் சொன்னார். எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும்போது, கீழத்தெருவில் ஏழைகளுக்கு அரண்மனைச் செலவில் கஞ்சி ஊற்றும் கஞ்சித்தொட்டி எதற்கு? மன்னன் அதை மூடச் சொல்லிவிட்டான்.

மூன்று நாள் கழித்துத் தொந்தியப்பன் ஒரு பெண்ணைச் சபைக்கு அழைத்துவந்தான். கீழத்தெருப் பேராச்சி, களையெடுக்கிறவள். இரண்டு வருஷமாக மழை பொய்த்துக் களைகூட முளைக்காத நாட்டில் களையெடுக்கிறவள் என்ன செய்வாள்? இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. இரண்டுக்கும் கண் சிவந்து நீர் வடிந்தது.

“பயப்படாம சொல்லு தாயீ” என்றான் தொந்தியப்பன்.

“விடிஞ்சதும் சேவகன் வாசல்ல வந்து நிக்கான் சாமி. புகை வரலைன்னா பத்து அடி. ஈர வைக்கோலக் கொளுத்திப் போட்டுட்டுப் பிள்ளையளத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடியாந்துருவேன். அடுப்புல பானையே கிடையாது. கஞ்சித்தொட்டி இருந்த வரைக்கும் உசிரு ஓடிச்சு. அதையும் மூடிட்டாவ. இந்தப் பச்ச மண்ணு ரெண்டும் புகையத் தின்னுக்கிட்டு எத்தன நாளு கிடக்கும்?”

பண்டிதர் உடனே எழுந்தார்.

“மன்னா, தனி ஒருத்தியின் வயிறு சாட்சியாகாது. வயிறு பொய் சொல்லும். அளவை பொய் சொல்லாது. இவள் வீட்டில் இன்று காலை புகை எழுந்ததை அடியேனே எண்ணி ஓலையில் பதிந்திருக்கிறேன். அளவையைப் பழிப்பவன் அரசரைப் பழிப்பவன். அளவை பொய் என்றால் விகடகவி அதை நான்கு நாளில் மெய்ப்பிக்கட்டும். தவறினால் பாதித் தலையை மழித்து, கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு வெளியே விடுங்கள்!”

“அப்படியே ஆகட்டும்” என்றான் மன்னன்.

தொந்தியப்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். மூன்றாம் நாள் ஏகாதசி. அன்று மன்னன் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருப்பான். மறுநாள் துவாதசி. விடிந்ததும் அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் வற்றலோடு பாரணை செய்து விரதத்தை முடிப்பான். அதில் ஒரு நாழிகை தாமதமானாலும் அரண்மனை அல்லோலகல்லோலப்படும்.

“மன்னா, துவாதசி அன்று காலை மட்டும் மடைப்பள்ளியை அடியேன் பொறுப்பில் விட வேண்டும்” என்றான். கழுதை ஏறப்போகிறவன் கடைசியாக ஆசைப்படுகிறான் என்று பண்டிதர் சிரித்தார். மன்னனும் சம்மதித்தான்.

துவாதசியும் விடிந்தது. மன்னன் குளித்து, திருமண் இட்டு, தலைவாழை இலைமுன் அமர்ந்தான். வயிறு கபகபவென்று எரிந்தது. மடைப்பள்ளியிலிருந்து மேகம் மேகமாகப் புகை வந்தது. மன்னன் காத்திருந்தான். புகை இன்னும் அதிகமானது. இலையில் மட்டும் ஒன்றும் விழவில்லை.

“தொந்தியப்பா! பாரணை நேரம் தப்புகிறது. சோறு எங்கே?”

தொந்தியப்பன் கைகட்டி வந்து நின்றான். “தாங்கள் சாப்பிட்டு முடித்தாயிற்று, மன்னா. தாம்பூலம் கொண்டுவரவா?”

“என்ன உளறுகிறாய்? ஒரு பருக்கைகூடப் படவில்லை!”

“பண்டிதரைக் கேட்டுப் பார்க்கலாமே.”

சற்று நேரத்தில் பண்டிதர் மாடத்திலிருந்து மூச்சிரைக்க இறங்கிவந்தார். கையில் அன்றைய ஓலை. அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு இலை காலியாக இருப்பது எங்கே தெரியப்போகிறது?

“மன்னா, இன்று மகத்தான நாள்! அரண்மனையிலிருந்து மட்டும் ஏழு புகை! வழக்கமாக ஒன்றுதான் எழும். தாங்கள் இன்று ஏழு மடங்கு உண்டு களித்திருக்கிறீர்கள் என்று பதிந்துவிட்டேன்!”

மன்னனுக்கு முகம் சிவந்துவிட்டது. “பசியில் எனக்குக் கண் இருட்டுகிறது பண்டிதரே!”

“தங்கள் வயிறு பொய் சொல்கிறது, மன்னா” என்று பணிவோடு சொன்னான் தொந்தியப்பன். “அளவை பொய் சொல்லாது. ஏழு அடுப்பிலும் ஈர வைக்கோலை நானே கொளுத்தினேன். பானை வைக்கவில்லை. பானையைப் பற்றி அரசாணையில் ஒரு சொல்லும் இல்லையே!”

மன்னன் காலி இலையைப் பார்த்தான். புகையில் அவன் கண்ணிலும் நீர் வடிந்தது. பேராச்சியின் பிள்ளைகள் நின்ற கோலம் அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது. ஒருநாள் பட்டினிக்கே தனக்கு இந்தப் பாடு என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணினான், வெட்கமாகப் போய்விட்டது.

“மடைப்பள்ளி அரிசியெல்லாம் எங்கே?” என்றான் மெதுவாக.

“கீழத்தெருக் கஞ்சித்தொட்டியில் வெந்துகொண்டிருக்கிறது. அகத்திக்கீரையும் அங்கேதான்.”

மன்னன் காலி இலையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்கு நடந்தே போனான். அங்கே கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த பேராச்சி தயங்கித் தயங்கி அவன் இலையிலும் ஒரு கரண்டி ஊற்றினாள். “சூடா இருக்கு சாமி, பாத்துக் குடிங்க” என்றாள். பாரணை அங்கேயே முடிந்தது. கசையடி ஆணையும் அங்கேயே கிழிந்தது.

“தொந்தியப்பா, வேண்டியதைக் கேள், தருகிறேன்” என்றான் மன்னன்.

“பண்டிதர் வேலையைப் பறிக்க வேண்டாம் மன்னா. பாவம், எண்ணத் தெரிந்தவர். ஆனால் இனி மாடத்தில் ஏற வேண்டாம். தினம் ஒரு வீட்டுக்குப் போகட்டும். அந்த வீட்டில் என்ன வெந்ததோ அதில் ஒரு பங்குதான் அவருக்கு அன்றைய சாப்பாடு. அரண்மனைச் சோறு கிடையாது. அவருக்குக் கொடுத்த பங்குக்கு ஈடாக அந்த வீட்டுக்கு அரண்மனையிலிருந்து இரண்டு பங்கு அரிசி போகட்டும்.”

அப்படியே ஆணையானது. முதல் மாதத்தில் பண்டிதரின் இடைக்கச்சை இரண்டு விரல் தொளதொளத்தது. இரண்டாம் மாதத்தில் வேட்டி நிற்கவில்லை. மூன்றாம் மாதம் அவர் சபைக்கு ஓடிவந்து அலறினார். “மன்னா! கீழத்தெருவுக்கு உடனே நெல் அனுப்புங்கள்! ஏரியைத் தூர்வாருங்கள்! நாளை எனக்கு அந்தத் தெருவில்தான் முறை!”

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்தபடியே நெல்லும் அனுப்பினான், ஏரியையும் தூர்வாரினான். தொந்தியப்பனுக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டான்.

அடுத்த ஆண்டு மழை பெய்தது. பக்கத்து நாட்டு ராஜாவிடமிருந்து மறுபடியும் ஓலை வந்தது: ‘நாங்கள் நூற்றுக்கு நூறு. தாங்கள்?’

தொந்தியப்பன் சொல்லச் சொல்ல மன்னன் பதில் எழுதினான்: ‘எங்கள் பண்டிதர் நான்கு விரல் பெருத்திருக்கிறார். தங்கள் பண்டிதர் எங்கே சாப்பிடுகிறார்?’

அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.