சத்தம் போடாத கேபினட்

இலஞ்சியில் பாகீரதி அம்மையின் தியான மண்டபத்துக்கு வருகிறவர்களில் குற்றாலிங்கம்தான் வயதில் மூத்தவர். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அம்மையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

அந்த வருடம் அம்மைக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல் பாதிதான் திரும்பி வந்தது. அந்தப் பாதியும் எத்தனை நாளைக்கு என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. காலையில் அம்மை பேசுவதை ஒரு சொல் விடாமல் பதிவு செய்துவிட வேண்டும் என்று குற்றாலிங்கம் முடிவெடுத்தார்.

மண்டபத்து மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரைந்தது. பதிவைப் போட்டுக் கேட்டால் அம்மையின் குரலை முந்திக்கொண்டு ஃபேன் சத்தம் வந்தது. அதனால் புதிதாக ஒன்றைத் தானே பூட்டுவதற்கு உதிரிபாகங்களை வாங்கினார். அவற்றை உள்ளே வைக்கும் பெட்டியான கேபினட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் குழப்பம். தெரிந்த கடைக்காரர், இரண்டை எடுத்துப்போய்ப் பார்க்கச் சொன்னார். ஒன்று கனத்த இரும்புப் பெட்டி. சத்தம் வெளியே வராமலிருக்க உள்ளே நாலு பக்கமும் ஃபோம் ஒட்டியிருந்தது. மற்றது முன்பக்கம் முழுக்கக் கம்பி வலை.

குற்றாலிங்கம் யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் ஃபோம் பெட்டிக்குள் பூட்டினார்.

போட்டதும், ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு அமைதி. ஆனால் பதிவு நீள நீள உள்ளே சூடேறியது. ஃபேன்கள் வேகமெடுத்து இரைய ஆரம்பித்தன. இடுக்குகளிலெல்லாம் இன்னும் கொஞ்சம் ஃபோம் வாங்கி அடைத்தார். மறுநாள் அது ஆகாய விமானம் கிளம்புவதுபோல இரைந்து, அம்மை பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனது. அன்றைய பேச்சு முழுவதும் போய்விட்டது.

குற்றாலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. மதியம் அம்மையிடம் போய் நின்றார்.

“ஒரு வார்த்தைகூட மிஞ்சலை அம்மா. இன்னும் கனமா ஃபோம் போட்டா சத்தம் நிக்குமா?”

அம்மை தன் கம்பளிப் போர்வையை எடுத்து அவரிடம் நீட்டினார். “இதைப் போத்திக்கிட்டு, அந்தப் பாயெல்லாம் சுருட்டி வைக்கிறீங்களா ஐயா?”

குற்றாலிங்கம் போர்த்திக்கொண்டார். பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினார். பாதியிலேயே முதுகு நனைந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்.

“என்ன ஐயா, இவ்வளவு சத்தமா மூச்சு வாங்குறீங்க?”

“புழுங்குது அம்மா.”

“இன்னொரு போர்வை தரட்டுமா? போத்திக்கிட்டா சத்தம் கொறையும்.”

குற்றாலிங்கம் அம்மையைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். சிரித்துவிட்டார். போர்வையைக் கழற்றி மடித்து வைத்தார்.

“ஆனா அந்த இன்னொரு பெட்டி எல்லாம் ஓட்டையா இருக்கே அம்மா. சத்தம் வெளியே வந்துடாதா?”

“வெளியே வர்றதுக்கு உள்ளே சத்தம் இருக்கணுமே ஐயா.”

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் கழற்றி வலைப்பெட்டிக்கு மாற்றினார். அதிலிருந்த பெரிய ஃபேன்கள் மெதுவாகச் சுற்றின. காற்று தாராளமாக வந்து போனது. சூடும் ஏறவில்லை, இரைச்சலும் இல்லை.

மறுநாள் காலை அம்மை பேசினார்.

“ஆபரேஷன் முடிஞ்சு முழிச்சு வாயைத் திறக்கிறேன், காத்துதான் வருது. அப்படி ஒரு பயம். இவ்வளவு காலம் உங்களுக்கெல்லாம் சொன்னதில் ஒண்ணும் எனக்கு உதவலை. அப்போ நர்ஸ் வந்து, ‘வெளியே பெஞ்சுல ஒரு பெரியவர் எழுந்திருக்கவே மாட்டேங்குறார், உங்க அப்பாவா’ன்னு கேட்டா. பயம் எங்கே போச்சுன்னு தெரியலை.”

மைக்கின் பக்கத்தில் இருந்த குற்றாலிங்கம் குனிந்துகொண்டார்.

எல்லோரும் போன பிறகு பதிவைப் போட்டுக் கேட்டார். அம்மையின் குரல் அத்தனை தெளிவு. எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. கடைசியில் மட்டும் யாரோ விசும்பி மூக்கை உறிஞ்சும் சத்தம். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். அவமானமாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் தானே கெடுத்துவிட்டோமே என்று நினைத்தார்.

அம்மையைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்.

“என் சத்தம் விழுந்துடுச்சு அம்மா. அதை மட்டும் அழிச்சு எடுத்துடலாம். உங்க குரல் மட்டும் சுத்தமா நிக்கும்.”

அம்மை அந்த இடத்தை மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டார்.

“இருக்கட்டும் ஐயா. என் குரல் மட்டும் இருந்தா, நான் தனியா உக்காந்து பேசின மாதிரி ஆயிடும்.”