கரடிப் பாதையில் ஏலக்குரல்

பேசாமல் இருக்கப் பழகத்தான் மாசிலாமணி மலைக்கு வந்தார். அதற்கு முன்னால் காய்கறி மண்டியில் ஏலம் விட்டவர். அவர் வாயைத் திறந்தால் மண்டிக்கு வெளியே அவிழ்த்துக் கட்டியிருக்கும் வண்டி மாடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். அந்தக் குரல் அவருக்குச் சோறு போட்டது, வீடு கட்டிக் கொடுத்தது, பிள்ளைகளைக் கரையேற்றியது. நிம்மதி மட்டும் தரவில்லை. மனைவி போன பிறகு, "போதும்டா சாமி இந்தச் சத்தம்" என்று மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

மடத்தை நடத்தியவர் அகிலாண்டம்மை. மாசிலாமணியைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் எல்லாரையும் போல அவரும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டார். அம்மை அவரை "ஏலக்காரரே" என்பார். எதை விட்டுவிட்டு ஓடி வந்தாரோ அதையே பெயராக வைத்துக் கூப்பிடுகிறாரே என்று மாசிலாமணிக்கு உள்ளூர வருத்தம்.

அந்த மடத்துக்குப் பெருமையே மௌனம்தான். மலை உச்சியில் ஒரு குகை உண்டு. மௌன தீட்சை அங்கேதான் கொடுப்பார்கள். தீட்சைக்குப் போகிறவர் ஆற்றைத் தாண்டிவிட்டால் வாயைத் திறக்கக்கூடாது. காலடி ஓசை கேட்கக்கூடாது. இரண்டு பேர் போனாலும் சேர்ந்து போகாமல் முன்னும் பின்னுமாகத்தான் ஏற வேண்டும். அப்படியொரு வழக்கம், யார் ஏற்படுத்தினார்களோ.

மாசிலாமணி அவசியத்துக்கு மேல் பேசாமல் வாயை மூடிவிட்டார். மண்டியைத்தான் மூட முடியவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தால் உள்ளே தக்காளிக் கூடை வந்து இறங்கும். வெங்காய மூட்டை அவிழும். ஏலம் ஆரம்பித்துவிடும். அம்மையிடம் இதை ஒருநாள் சொல்லி அழுதேவிட்டார். தீட்சை கிடைத்தால் அடங்கிவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவர் பொழுது போய்க்கொண்டிருந்தது.

"வர்ற பௌர்ணமிக்கு நீங்களும் நம்ம மடத்து ஏகாம்பரமும் மேலே வாங்க" என்று அம்மை சொன்ன அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு கரடி ஞாபகம் வந்தது.

போன தடவை தீட்சைக்குப் போனவரைக் கட்டிலில் வைத்துத்தான் கீழே தூக்கி வந்தார்கள். உயிர் தப்பியது, ஒரு கண் தப்பவில்லை.

"அம்மா, அவர் ஒரு எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுஷன். அவரைப் போய்க் கரடி ஏன் அடிச்சுது?"

அம்மை பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "சொல்றேன்" என்றார். சொல்லவில்லை.

மறுநாள் மாசிலாமணி குனிந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வழக்கம்போல வெங்காயம் ஏலம் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது. "ஐயோ!" என்று அலறியபடி, பக்கத்தில் கிடந்த கரண்டியை எடுத்து ஒரு வீசு வீசினார். அது அம்மையின் முழங்கையில் போய்ப் பட்டது.

"நான் உங்களுக்கு என்ன தீங்கு நினைச்சேன், ஏலக்காரரே?"

மாசிலாமணி கரண்டியைக் கீழே போட்டார். "ஐயோ அம்மா, நீங்கன்னு தெரியாது. பயந்துட்டேன்."

"இருமிக்கிட்டு வந்திருந்தா?"

"உட்காருங்கம்மான்னு பலகை எடுத்துப் போட்டிருப்பேன்."

"கரையான் புத்துக்குள்ள மூக்கை விட்டுட்டா கரடிக்கு வேற நினைப்பே கிடையாது. கண்பார்வையும் மட்டு. நாம பூனை மாதிரி போய்ப் பக்கத்துல நிக்கிறோம்" என்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டே அம்மை சொன்னார். "மேலே அரிசி பருப்பு சுமந்துக்கிட்டுப் போற கழுதையை எந்தக் கரடியாவது தொட்டிருக்கா?"

தொட்டதில்லை. கழுதைகளின் கழுத்தில் மணி உண்டு. காது செவிடாகும்படி ஆட்டிக்கொண்டேதான் அவை ஏறும்.

"ஆனா அம்மா, தீட்சைக்குப் போறவன் சத்தம் போடக்கூடாதே?"

அம்மை உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு கழுதை மணி இருந்தது. ஒன்றை மாசிலாமணியிடமும் ஒன்றை ஏகாம்பரத்திடமும் கொடுத்தார்.

பௌர்ணமிக்கு முந்தைய நாள், மற்ற எல்லாரையும் கூட்டிக்கொண்டு, கழுதைகளோடு கழுதையாக அம்மை மேலே போய்விட்டார். மறுநாள் காலையில் மாசிலாமணியும் ஏகாம்பரமும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஏகாம்பரம் சருகின் மேல் நடந்தால்கூடச் சத்தம் கேட்காது. மடத்தில் அவரைக் காட்டித்தான் புதிதாக வருபவர்களுக்கு நடை சொல்லிக் கொடுப்பார்கள். அவர் மணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிரித்தார். கரையில் ஒரு பாறையின் மேல் வைத்துவிட்டு ஆற்றில் இறங்கினார்.

மாசிலாமணி கொஞ்சம் தயங்கினார். 'அவர் மௌனமாகப் போக, நான் கழுதை மாதிரி ஆட்டிக்கொண்டு போவதா?' அவரும் மணியை அங்கேயே வைத்துவிட்டார். ஞானத்துக்குப் போகிற வழியிலும் மனுஷனுக்குப் பக்கத்து இலையைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

ஏகாம்பரம் முன்னால் போனார். மாசிலாமணி பின்னால், கொஞ்சம் தள்ளி. இரண்டு பேர் போவது அந்தக் காட்டுக்கே தெரியாது. உள்ளே மட்டும் மண்டி நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பயமும் ஒரு மூட்டையாக வந்து இறங்கியிருந்தது.

பாதி மலை ஏறியதும் பாதை ஒரு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வளைகிறது. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் போகிறவர் தெரிவார். மாசிலாமணி நின்று பார்த்தார். எதிர்ப்பக்கம் ஏகாம்பரம் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பெரிய பாறை. பாறைக்கு அந்தப்புறம், பாதையை ஒட்டி, ஒரு புற்று. புற்றில் தலையை நுழைத்தபடி கறுப்பாக ஒரு கரடி. பக்கத்தில் இரண்டு குட்டிகள் மண்ணில் உருண்டுகொண்டிருந்தன.

பாறை மறைத்ததால் ஏகாம்பரத்துக்குக் கரடி தெரியவில்லை. காற்று கரடிப் பக்கமிருந்து வீசியதால் கரடிக்கு மனுஷ வாடை போகவில்லை. ஏகாம்பரம் சருகின் மேல் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தார். என்ன அழகான நடை!

மாசிலாமணி வாயைத் திறந்தார். மூடினார். இப்போது ஒரு வார்த்தை பேசினால் தீட்சை போச்சு. இத்தனை வருஷம் வாயைக் கட்டியதெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. இன்னொரு தடவை அம்மை கூப்பிடுவாரோ மாட்டாரோ. 'ஏகாம்பரம் கெட்டிக்காரர், எப்படியாவது சமாளித்துக்கொள்வார்' என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அவருக்குத் தன் மேல் அருவருப்பும் வந்தது.

ஏகாம்பரம் பாறையை நெருங்கிவிட்டார்.

"வாங்க வாங்க வாங்க வாங்க! வந்தாச்சு வந்தாச்சு! மேட்டுக்காட்டுக் கத்தரிக்கா வந்தாச்சேய்!"

தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். இத்தனை வருஷமாக அடைத்து வைத்திருந்தது மொத்தமாகக் கிளம்பி, பள்ளத்தைத் தாண்டிப் போய் எதிர்ப்பாறையில் மோதித் திரும்பி வந்தது. மரத்திலிருந்த குரங்குகள் கிளைவிட்டுக் கிளை தாவின. கரடி புற்றிலிருந்து மூக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. இரண்டு காலில் எழுந்து நின்று மோப்பம் பிடித்தது. அதன் தலை பாறைக்கு மேலே தெரிந்ததும் ஏகாம்பரம் கதிகலங்கித் திரும்பி ஓடப் பார்த்தார்.

"ஓடாதீங்க ஏகாம்பரம்! ஓடுறவருக்குச் சரக்கு கிடையாது! முதுகைக் காட்டாம அடி மேல அடி வச்சுப் பின்னாடியே வாங்க! அப்படித்தான், அப்படித்தான்!"

ஏகாம்பரம் அந்தக் குரலையே பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் வந்தார். குட்டிகள் இரண்டும் தாயின் முதுகில் தொற்றிக்கொண்டன.

"ஏ தாயே! பிள்ளைக்காரி! வழி உன்னுது! புத்து உன்னுது! உனக்குப் போகத்தான் மத்தவங்களுக்கு! ஒருதரம்!"

கரடி நாலு காலில் இறங்கியது.

"ரெண்டுதரம்!"

குரல் வந்த பக்கம் ஒரு தடவை பார்த்தது. பிறகு திரும்பியது.

"மூணுதரம்!"

முதுகில் குட்டிகள் குலுங்கக் குலுங்க அது மேட்டில் ஏறிப் புதருக்குள் போயிற்று. கிளை முறிகிற சத்தம் தூரமாகி, பிறகு கேட்கவில்லை.

ஏகாம்பரம் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாசிலாமணி போய்க் கைகொடுத்துத் தூக்கினார். மண்டியில் எத்தனையோ ஏலம் விட்டிருக்கிறார், இப்படி ஒரு ஏலம் விட்டதில்லை. இரண்டு பேரும் தோளோடு தோள் சேர்ந்து, கழியால் பாறையைத் தட்டிக்கொண்டே மேலே ஏறினார்கள்.

குகை வாசலில் மடமே கூடி நின்றது.

"கத்தரிக்கா வந்தாச்சுன்னு இங்க வரைக்கும் கேட்டுது" என்றார் அம்மை.

மூத்த சீடர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "வழக்கம் கெட்டுப் போச்சு. வாயைத் திறந்தவருக்குத் தீட்சை கிடையாது."

அதுவரை வாய் திறக்காத ஏகாம்பரம் முன்னால் வந்தார். "நான் வாயை மூடிக்கிட்டு நேரா கரடி மடியில போய் உட்கார இருந்தேன். இவர் வாயைத் திறக்கலைன்னா என்னையும் கட்டில்லதான் தூக்கியிருப்பீங்க" என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, எல்லார் முன்னாலும் மாசிலாமணியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். முகம் சுளித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் யாரோ, "ஒருதரம்!" என்று சொல்ல, மௌன மடம் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. மலை ஏற்பட்ட நாளிலிருந்து அந்தக் குகை அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டிருக்காது.

"இனிமே ஒத்தையில யாரும் ஏற வேண்டாம்" என்றார் அம்மை. "எல்லாரும் சேர்ந்து ஏறுங்க. முன்னால ஏலக்காரர் போவார்."

முதல் தடவையாக அந்தப் பெயர் மாசிலாமணியின் காதில் இனித்தது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? கூட்டம் கலைந்ததும் அம்மையின் பக்கத்தில் போய்த் தயங்கி நின்றார்.

"அம்மா, தீட்சை?"

"கரடி போனதுக்கு அப்புறம் இங்க வந்து சேர்ற வரைக்கும் உள்ளே என்ன ஏலம் போச்சு?"

மாசிலாமணி யோசித்துப் பார்த்தார். கழி பாறையில் தட்டியது ஞாபகம் இருந்தது. ஏகாம்பரம் மூச்சு வாங்கியது ஞாபகம் இருந்தது. பாதையோரத்துப் புல் ஈரமாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. தக்காளியைத் தேடினார், வெங்காயத்தைத் தேடினார். காலியாக இருந்தது.

"ஒண்ணும் போகலையே அம்மா!"

"கரடி கொடுத்துட்டுப் போனதை, நான் எதுக்கு இன்னொரு தடவை கொடுக்கணும்?"