ஒட்டகத்தின் பேரீச்சம்பழமும் குரங்கின் பல்வலியும்

ஒரு காட்டில் அகலமான ஆறு ஒன்று ஓடியது. இக்கரையில் ஆலமரங்களும் முட்புதர்களும் இருந்தன. அக்கரையில் பாறைகளும் மருத மரங்களும் ஓர் அருவியும் இருந்தன. நீந்தத் தெரியாத விலங்குகள் ஆற்றைக் கடக்க ஒரு மூங்கில் தெப்பம் உண்டு. எருமைகள் அதை இழுக்கும். காலையில் போகும், மாலையில் திரும்பும்.

தெப்பத்தில் ஏறுபவர் ஒவ்வொரு தடவையும் நான்கு பழம் கூலி தர வேண்டும். நாவல், இலந்தை, அத்தி, எதுவானாலும் சரி. எருமைகள் பழத்தில் குற்றம் பார்ப்பதில்லை. வயதானவர்கள் இரண்டு பழம் தந்தால் போதும். அவர்களுக்குத் துணையாக வருபவர் ஒன்றும் தர வேண்டாம். இது அந்தக் காட்டு வழக்கம்.

கோடை முடியும் நேரத்தில் அந்தக் காட்டுக்கு ஓர் ஒட்டகம் வந்தது. அதன் ஊர் வெகு தொலைவில் இருந்த பாலைவனம். இளமை முழுவதும் தோல்பைகளில் தண்ணீர் சுமந்த ஒட்டகம் அது. பைக்குள் தளும்பும் தண்ணீரின் சத்தம் அதற்குத் தெரியும். தானாக நடந்து போகும் தண்ணீரை அது பார்த்ததில்லை. ஆற்றின் மேல் மழை பெய்யும் என்று எப்போதோ ஒரு நாரை அதனிடம் சொல்லியிருந்தது. தண்ணீரின் மேலேயே தண்ணீர் விழுமா? ஒட்டகத்தால் நம்பவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. மூப்பு வந்து முதுகுச் சுமையை இறக்கி வைத்ததும், அதை ஒரே ஒரு முறை பார்த்துவிடலாம் என்று புறப்பட்டுவிட்டது.

அதன் கழுத்தில் ஒரு பெரிய பையும் ஒரு சின்ன முடிச்சும் தொங்கின. இரண்டிலும் பேரீச்சம்பழம். பையில் இருந்தது இங்கே செலவழிக்க. முடிச்சில் இருந்தது ஊர் திரும்பும் வழிக்கு. பாலைவனத்தில் பாதி தூரம் எதுவும் முளைக்காது. முடிச்சை இங்கே அவிழ்த்துவிட்டால் ஒட்டகம் வீடு போய்ச் சேராது.

அந்தக் காட்டில் முதல் மழை அருவி மலையிலிருந்துதான் இறங்கி வரும். இக்கரையில் ஆலமரங்கள் வானத்தை மறைத்திருந்தன. அக்கரைக்குப் போனால்தான் மழை வருவது தெரியும். ஆனால் ஒட்டகம் மேயும் முள் இக்கரையில் மட்டுமே இருந்தது. அதனால் தினமும் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். பை தீருவதற்குள் மழை வர வேண்டும். வராவிட்டால், பார்க்காமலே ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

முதல் நாள் ஒட்டகம் ஒரு புதரருகே நின்று, தெப்பத்துறைக்கு எப்படிப் போவது என்று இரண்டு அணில்களிடம் கேட்டது. பாலைவனத்தில் வாயை அதிக நேரம் திறந்து வைத்தால் மணல் புகுந்துவிடும். அங்கே எல்லோரும் ஒரு சொல்லைச் சொல்லி, வாயை மூடி, பிறகுதான் அடுத்த சொல்லைச் சொல்வார்கள். ஒட்டகம் பேசி முடித்துவிட்டது என்று நினைத்து அணில்கள் பதில் சொல்லத் தொடங்கும். அதற்குள் அடுத்த சொல் வந்து விழும். மறுபடியும் தொடங்கும், மறுபடியும் ஒரு சொல் விழும். அணில்களுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவை சின்னஞ்சிறியவை, கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒட்டகத்துக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

இதையெல்லாம் ஆலமரத்து விழுதில் தொங்கியபடி ஒரு குரங்கு பார்த்துக்கொண்டிருந்தது. ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் போய் நிற்கிற குரங்கு அது. பைக்குள்ளிருந்து வந்த வாசனை அதன் மூக்கைத் தொட்டது. இதுவரை அது தின்றே அறியாத ஏதோ ஒரு தித்திப்பு.

குரங்கு கீழே குதித்து, "அத்தை" என்றது.

அந்தக் காட்டில் ஒட்டகத்தை யாரும் உறவுமுறை சொல்லி அழைத்ததில்லை. அந்த ஒரு சொல்லிலேயே அது கரைந்துவிட்டது.

தானே தினமும் துணைக்கு வருவதாகவும், துறையில் பேச வேண்டியதைத் தானே பேசிக்கொள்வதாகவும் குரங்கு சொன்னது. "நீங்கள் வாயே திறக்க வேண்டாம் அத்தை. இங்கே ஒருவரைக் கண்டால் ஒருவருக்குக் கேலிதான். பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக நில்லுங்கள்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஒட்டகம் தெப்பத்தின் பின்பக்கம் ஏறி நிற்கும். பையிலிருந்து நான்கு பழம் எடுத்துத் தரும். குரங்கு முன்பக்கம் ஓடும். அங்கே தண்ணீருக்குள் நின்ற பெரிய எருமையிடம், "ஒரு முதியவர், ஒரு துணை" என்று சொல்லி இரண்டு பழத்தைக் கொடுக்கும். மீதி இரண்டும் குரங்கின் வலக் கன்னத்தில் ஒன்று, இடக் கன்னத்தில் ஒன்று என்று போய்விடும். குரங்குகளுக்குக் கன்னத்துக்குள் பை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். பாலைவனத்தில் குரங்கு ஏது? ஒட்டகத்துக்குத் தெரியாது.

"முகம் வீங்கியிருக்கிறதே" என்று அது ஒருநாள் கவலையோடு கேட்டது.

"பல்வலி அத்தை" என்றது குரங்கு, வாயை அதிகம் திறக்காமல். "ஆற்றுக் காற்று எனக்கு ஆகாது. இருந்தாலும் உங்களுக்காக வருகிறேன்."

ஒட்டகத்துக்குக் கண் கலங்கியது. இவ்வளவு வலியோடும் ஒருவன் துணைக்கு வருகிறானே என்று நினைத்தது.

இன்னொரு நாள் ஒரு கிழட்டு முள்ளம்பன்றி இரண்டே பழம் கொடுத்துவிட்டு ஏறுவதை ஒட்டகம் கவனித்தது. குரங்கிடம் மெல்ல விசாரித்தது. அது இந்தக் காட்டு முதியவர்களுக்கு மட்டும் உள்ள சலுகை என்றும், வெளியூர்க்காரர்களுக்குக் கிடையாது என்றும் குரங்கு கூசாமல் சொன்னது. "வேண்டுமானால் நான் எருமையிடம் போய்க் கெஞ்சிப் பார்க்கட்டுமா? ஆனால் விருந்தாளியாக வந்த இடத்தில் குறைத்துக் கேட்பது உங்கள் பெருமைக்குச் சரிவருமா அத்தை?"

ஒட்டகம் அவசரமாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றது.

நாட்கள் போயின. தினமும் அது அருவிக்கு எதிரே கால் மடக்கி உட்கார்ந்து வானத்தைப் பார்த்தது. வானம் வெளுத்த துணியைப்போல் விரிந்து கிடந்தது. பை இளைத்துக்கொண்டே வந்தது. குரங்கு மட்டும் கொழுத்தது.

ஒருநாள் மலைக்குப் பின்னால் ஒரு மேகம் எழுந்தது. மாலைக்குள் அது மலை உச்சியை மூடிவிட்டது. மருத மரங்களின் இலைகள் ஆடாமல் நின்றன. தெப்பத்துறைக்குத் திரும்பிய ஒட்டகம் பைக்குள் பார்த்தது. இரண்டு பழம் மட்டும் இருந்தது.

"முடிச்சை அவிழ்த்துவிட வேண்டியதுதான் அத்தை" என்றது குரங்கு. அதன் கண் அந்த முடிச்சிலேயே இருந்தது.

அது ஊர் திரும்பும் உணவு என்று ஒட்டகம் சொன்னது. ஊரைப் பற்றி ஊருக்குப் போகும்போது கவலைப்படலாம் என்றது குரங்கு. பிறகு ஒரு கொட்டாவி விட்டது. "யோசித்து வையுங்கள். தெப்பம் கிளம்பும் முன் எழுப்புங்கள்." சொல்லிவிட்டு, மருத மரத்தில் ஏறிக் கிளையில் சாய்ந்தது. இந்த வாயில்லாப் பிராணி தன்னை விட்டால் யாரிடம் போகும் என்ற தைரியம் அதற்கு. காலையில் கிடைத்த இரண்டு பழம் இன்னும் கன்னத்தில் பத்திரமாக இருந்தது. அப்படியே உறங்கிப்போயிற்று.

தெப்பத்தில் ஏறக் காத்திருந்த கூட்டத்தின் கடைசியில் நின்ற முள்ளம்பன்றி ஒட்டகத்தைத் திரும்பிப் பார்த்தது. "சீக்கிரம் வா. இது கடைசித் தெப்பம். மழை பிடித்தால் ஆறு பொங்கும். வடியும்வரை தெப்பத்தைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். இந்தக் கரையில் உனக்குத் தின்ன ஒரு முள்கூடக் கிடைக்காது."

கூலிக்குப் பழம் போதவில்லை என்று ஒட்டகம் தயங்கித் தயங்கிச் சொன்னது.

"வயதானவளுக்கு இரண்டுதானே? கேட்டாயா?"

"வெளியூர்க்காரர்களுக்கு... கிடையாது என்று... குரங்கு... சொன்னது."

"நான் குரங்கைக் கேட்கவில்லை. நீ கேட்டாயா?"

இல்லை என்று ஒட்டகம் தலையை ஆட்டியது.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்" என்றது முள்ளம்பன்றி. "உனக்கு வாய்க்கு என்ன குறைச்சல்? என்னுடையதைப்போல் பத்து வாய் அதற்குள் அடங்கும்."

ஒட்டகம் முடிச்சைக் குனிந்து பார்த்தது. அதை அவிழ்ப்பதா, வாயைத் திறப்பதா? இரண்டில் எது எளிது என்று அதற்குத் தெரியவில்லை. முடிச்சை அவிழ்த்தால் வீடு இல்லை. வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிக்கக்கூடும். அவ்வளவுதானே?

அது முதன்முறையாகத் தெப்பத்தின் முன்பக்கம் நடந்து போனது. நீண்ட கழுத்தைத் தாழ்த்தி, பெரிய எருமையின் முகத்துக்கு நேரே நின்றது.

"ஐயா... வேற்றூர்... முதியவர்களுக்கும்... இரண்டு பழம்... போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. எருமை அசைபோட்டபடி ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்தது. அவசரம் என்பது எருமைக்குப் பிறவியிலேயே கிடையாது. இவ்வளவு நிதானமாகப் பேசும் ஒருவரை அது இந்தக் காட்டில் கண்டதும் கிடையாது.

"இத்தனை நாளும் நான் இரண்டுதானே வாங்கினேன், அம்மா?" என்றது எருமை.

ஒட்டகம் மருத மரத்தில் உறங்கும் குரங்கைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, தான் இந்தக் காட்டைச் சேர்ந்தவள் இல்லையே என்று மட்டும் சொன்னது.

"மூப்புக்கு ஊர் ஏது?" என்றது எருமை. "வயதானவர்கள் தெப்பத்தில் ஏறினால் நின்ற இடத்தில் நிற்பார்கள். தெப்பம் ஆடாது. எங்கள் கழுத்தைக் கயிறு அறுக்காது. அதற்குத்தான் பாதிக் கூலி. இரக்கப்பட்டுக் குறைக்கிறோம் என்றா நினைத்தீர்கள்? ஏறுங்கள்."

ஒட்டகம் இரண்டு பழத்தையும் கொடுத்துவிட்டு ஏறி நின்றது. கிளம்புகிறோம் என்று எருமை குரல் எழுப்பியது. அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்ட குரங்கு மரத்திலிருந்து தாவி ஓடி வந்து தெப்பத்தில் தொற்றிக்கொண்டது.

"கூலி?" என்றது எருமை.

"நான் துணைக்கு வந்தவன் அல்லவா? அத்தைக்குப் பேச வராதே."

"இப்போதுதான் நானும் அவரும் பேசிக்கொண்டிருந்தோம்."

குரங்கு ஒட்டகத்தைப் பார்த்தது. பிறகு மலையைப் பார்த்தது. மலையே தெரியவில்லை, ஒரே கருமை. அதன் கூட்டம், குட்டிகள், நனையாத ஆலங்கிளை எல்லாம் எதிர்க்கரையில் இருந்தன. வேறு வழி தோன்றாமல் வலக் கன்னத்தில் விரலை விட்டு ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தது. இடக் கன்னத்தில் விட்டு இன்னொன்றை எடுத்தது. கன்னம் இரண்டும் சப்பென்று ஒட்டிக்கொண்டன.

அந்தக் காட்டில் பேரீச்சை மரமே இல்லை. எல்லோருக்கும் அது தெரியும். முள்ளம்பன்றியின் முதுகில் முள் சரசரவென்று எழுந்து நின்றது.

"இரண்டு பழம் முதியவர்களுக்கு" என்றது எருமை.

"எனக்கும் வயதாகிவிட்டது" என்றது குரங்கு.

"அப்படியானால் அசையாமல் நில்."

குரங்கு நின்றது. காது அரித்தது, பொறுத்துக்கொண்டது. வால் துடித்தது, காலால் அதை மிதித்துக்கொண்டது. ஓர் ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. அவ்வளவுதான், இரண்டு கையாலும் முகத்தைப் பரபரவென்று சொறிந்துகொண்டு ஒரு குதி குதித்தது. தெப்பம் ஆடியது.

"இறங்கு" என்றது எருமை. அதட்டவில்லை. மழையைப் பற்றிப் பேசுவதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னது.

குரங்கு கரையில் இறங்கி நின்றது. தெப்பம் மெல்ல விலகியது. ஒட்டகம் கழுத்தைத் திருப்பி, தன் ஊர் வழக்கப்படி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

"பல்வலி... தேவலையா?"

குரங்கு ஒட்டிப்போன கன்னத்தைத் தடவிக்கொண்டது.

தெப்பம் நடு ஆற்றுக்கு வந்தபோது மழை வந்தது. முதலில் ஒரு துளி. அது விழுந்த இடத்தில் சின்ன வட்டம் ஒன்று பிறந்து, விரிந்து, மறைந்தது. பிறகு ஆறு முழுவதும் வட்டங்கள். தண்ணீரின் மேல் தண்ணீர் விழும் சத்தம் எப்படி இருக்கும் என்று ஒட்டகம் எவ்வளவோ நினைத்துப் பார்த்திருந்தது. அப்படி எதுவும் இல்லை. தூங்கும் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது.

ஒட்டகம் அசையாமல் நின்று பார்த்தது. அதன் கழுத்தில் வெறும் பையும் அவிழாத முடிச்சும் நனைந்துகொண்டிருந்தன.

நீதி: கேட்க வேண்டியதை நாமே கேட்டுவிட வேண்டும், நம் கூச்சத்தைத் தின்று கொழுப்பவர் எந்த ஊரிலும் உண்டு.