சுனைநீரில் கரைந்த வீடு

அந்தக் காலத்தில், விலங்குகள் பேசச் சுனைகள் பதில் சொன்ன நாளில், மலைமேல் இருந்த ஒரு நத்தையின் காதில் விழுந்த ஒலி அதற்கு மறக்கவே இல்லை. டொக். சற்றுப் பொறுத்து, மறுபடியும் டொக். கடமான் கன்று ஒன்று எழுந்து நிற்கப் பார்த்து, முழங்கால் மடங்கிப் பாறையில் விழும் ஒலி அது.

கன்றின் எலும்பு கோரைத்தண்டுபோல் துவண்டது. பனி இறங்கியதும் மந்தை முகட்டைத் தாண்டி அடுத்த சரிவுக்குப் போய்விடும். நிற்க முடியாத கன்றைச் சிறுத்தைக்கு விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். தாய்மான் அங்கிருந்த சுனையிடம் வந்து முறையிட்டது. உன்னைக் குடித்துத்தான் பால் சுரக்கிறேன், அந்தப் பாலில் ஒன்றுமே இல்லையே என்றது.

அப்போது சுனைநீருக்குச் சுவை கிடையாது. காற்றை நக்கினதுபோல் இருக்கும். சுனை கூசிப்போய்ச் சொன்னது: "வானத்திலிருந்து வெறுங்கையோடு இறங்கினவள் நான். இருந்தால்தானே தருவேன்? எலும்புக்கு வேண்டியது சுண்ணாம்பு. இங்கே அது இருப்பது ஒருத்தியிடம்தான்."

நீர் குடிக்க வந்திருந்த எல்லாரும் நத்தையைப் பார்த்தார்கள். நத்தை ஓட்டுக்குள் போய்விட்டது.

"அம்மாள் வீட்டில் இல்லையாம். அப்புறம் வாருங்கள்" என்றது மரத்திலிருந்த மந்தி.

நத்தைக்குக் கோபம். பிறந்த நாளிலிருந்து தன் உடம்பிலேயே சுரந்து, சுற்றுச் சுற்றாகக் கட்டிய வீடு. வெயிலுக்கும் பறவையின் அலகுக்கும் வேறு மறைவு ஏது? யாருக்கோ பிறந்த பிள்ளைக்காக அதைக் கொடுப்பதா? உள்ளே சுருண்டு படுத்தது. ஆனால் வீடு அந்த ஒலியைத் தடுக்கவில்லை, பெருக்கிற்று. டொக்.

பொழுது சாய்வதற்குள் நத்தை வெளியே வந்தது. முழுக்க வெளியே. தன் வீட்டைச் சுனைக்குள் உருட்டிவிட்டுச் சொன்னது: "ஒரே நாளில் கரைத்துவிடாதே, தாயே. நான் கட்டின மாதிரியே மெல்லக் கரை."

சுனை சொல் தவறவில்லை. அதைப் பாறையின் அடியாழத்தில் வைத்து, தொட்டுத் தொட்டு மேலே வந்தது. தாய்மான் குடித்துவிட்டுத் தலை தூக்கிற்று. முதலில் குளிர்ச்சி. பிறகு மழை பட்ட கல்லின் மணம். விழுங்கிய பின்னும் அடிநாக்கில் நின்று, தயங்கித் தயங்கி எழும் ஒரு தித்திப்பு. பால் கெட்டிப்பட்டது. மந்தை புறப்பட்டபோது கன்று தன் காலாலேயே முகட்டைத் தாண்டியது. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று முதல்தான் அந்தச் சுனைநீரின் இனிப்பு குடித்த பிறகே தெரிகிறது. காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறது. ஓடில்லாத நத்தை சுனையோரத்தில் ஓர் ஈரக்கல்லின் அடியில் குடியேறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.