மண் குடிக்காத நீர்

எண்ணெய்க் கிணறு எண்ணெயை மட்டும் தருவதில்லை. பூமிக்கு அடியில் அதனோடு நெடுங்காலம் படுத்திருந்த தண்ணீரும் கூடவே எழுந்து வரும். கடலைவிட உப்பாக, எண்ணெய் நாற்றத்தோடு வரும். எண்ணெய் லாரியேறிப் போய்விடும். தண்ணீர் போக இடமில்லாமல் நிற்கும்.

அந்தத் தண்ணீரைத் தெளியவைத்து அனுப்புவது கலியபெருமாளின் வேலை. காவிரியின் கடைமடையில், ஆறு பல வருடங்கள் எட்டிப் பார்க்காத ஓர் ஊரின் ஓரத்தில், அவர் பொறுப்பில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. எண்ணெயைப் பிரித்து, உப்பை வடித்து, தெளிந்ததை வாய்க்காலில் விடுவார்கள். கோடைப் பருத்திக்கு அது போகும்.

அதே ஊரில் தில்லைநாயகி அம்மா என்ற துறவி சிறிய மடம் ஒன்றில் இருந்தார். கலியபெருமாளைவிட வயதில் இளையவர். இருந்தும் மனைவி இறந்தபின் அவரையே குருவாகக் கொண்டு, ஓய்வு நாட்களில் மடத்துக்கு வந்து பெருக்கி, தண்ணீர் இறைத்து, பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார் கலியபெருமாள். மடத்தில் எல்லாருக்கும் அவர் இன்ஜினியர். குருவுக்கும் அப்படியே.

ஒரு காலையில் பெருக்கி முடித்ததும் அவர் போகவில்லை.

"என்ன இன்ஜினியர், வாசல்ல இன்னும் குப்பை இருக்கா?"

"நாளைக்கு ஊர்க்கூட்டம் அம்மா. தண்ணியைக் குடிச்சுக் காட்டச் சொல்றாங்க, மேலே இருக்கவங்க. குடிக்கலாமான்னு கேக்க வந்தேன்."

"தாகமா இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

அது அந்த நிலையத்தின் வழக்கம். யார் பார்க்க வந்தாலும் கலியபெருமாள் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, எல்லார் முன்னாலும் நிதானமாகக் குடிப்பார். திறப்பு நாளில் ஊரே பார்க்கக் குடித்தார். நாற்றம் பிடித்த தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று வந்தவர்கள், அவர் வாயைத் துடைத்துக்கொண்டதும் கலைந்து போனார்கள். மறுநாளே பவுனம்மா தன் வயலுக்கு மடையைத் திறந்தாள். ஊரில் முதலில் திறந்தவள் அவள்தான். மற்றவர்கள் அவள் வயலைப் பார்த்துவிட்டுத் திறக்கலாம் என்றிருந்தார்கள்.

"பவுனம்மா வயல் என்ன ஆச்சு?" என்று கேட்டார் குரு.

"வடிகால் சரியில்லைன்னு எழுதியிருக்கோம்."

"எழுதினதை நான் கேக்கல."

கலியபெருமாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"உப்பு வடிக்கற சவ்வு ரொம்ப மெல்லிசு அம்மா. சுண்ணாம்பு படிஞ்சா அடைச்சுக்கும். அதனால சுண்ணாம்புச் சத்தை முன்னாடியே வழிச்சு எடுத்துட்டோம். கடைசில தண்ணில கொஞ்சூண்டு சோடியம் மட்டும் தங்குச்சு. மனுஷனுக்கு அது ஒண்ணும் பண்ணாது. நாக்குக்கே தெரியாது."

"யாருக்குத் தெரிஞ்சுது?"

"களிமண்ணுக்கு. சுண்ணாம்பு இருந்தாத்தான் அது பொலபொலன்னு நிக்கும். இல்லேன்னா குழைஞ்சு, காய்ஞ்சு, ஓடு மாதிரி இறுகிடும்."

"இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். காலேஜ்லயே படிச்சது. நான் சவ்வை நினைச்சேன். மண்ணை நினைக்கல."

கலியபெருமாளே தொடர்ந்தார்.

"இப்ப சுண்ணாம்புச் சத்துக்கு ஜிப்சம் கலந்துதான் விடறோம். தண்ணி சரியாயிடுச்சு. நாளைக்குக் குடிச்சா அது பொய்யில்ல. ஆனா போன தடவை குடிச்சதும் பொய்யில்ல அம்மா. அதான் எனக்கு விளங்கல."

தில்லைநாயகி அம்மா எழுந்து உள்ளே போய் ஒரு குடத்தைக் கொண்டுவந்தார்.

"உங்க சரியான தண்ணியை இதுல எடுத்துக்கிட்டு வாங்க."

நிலையத்துக் குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டு இருவரும் வாய்க்கால் வழியே நடந்து பவுனம்மா வயலுக்குப் போனார்கள். வயல் வெளுத்துப் படுத்திருந்தது. பாத்திக்குப் பாத்தி இறுகிப்போன ஓடு. பருத்தி ஒன்றுகூட இல்லை.

"ஊத்துங்க," என்றார் குரு. "உள்ளே போனதும் நாம போகலாம்."

கலியபெருமாள் ஊற்றினார். தண்ணீர் ஒரு தட்டைப் போலப் பரவி நின்றது. வானம் அதில் தெரிந்தது. இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியது. ஒரு காக்கை வந்து தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனது.

"பாருங்க, அதுக்கும் ஒண்ணும் ஆகல," என்றார் குரு.

கலியபெருமாள் தலை நிமிரவில்லை.

தூரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பவுனம்மா இவர்களைக் கண்டு வந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சார், காவல் காக்கறீங்களா? திருடறதுக்கு இங்க என்ன கெடக்கு?"

"தண்ணி உள்ளே போகுதான்னு பாக்கறோம்," என்றார் கலியபெருமாள்.

"என்னைக் கேட்டா சொல்லியிருப்பேனே. அம்மாவையும் வேற வெயில்ல உக்கார வச்சுருக்கீங்க." அவள் குனிந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மண் ஓட்டைப் பெயர்த்தாள். அதன் அடியில் ஒரு பருத்தி முளை இருந்தது. வெளுப்பாக, மேலே வர முட்டி, முடியாமல் மடங்கி, பக்கவாட்டில் வெளிச்சம் தேடிப் போய்க் காய்ந்திருந்தது. "விதை மேல குத்தம் இல்ல சார். எல்லாம் முளைச்சுதான் இருக்கு. எங்க பெயர்த்தாலும் இப்படித்தான்."

கலியபெருமாள் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். வாங்கியதும் அது உதிர்ந்தது.

"ஜிப்சம் போட்டு, தண்ணி கட்டி வடிச்சு, எருவடிச்சா மண்ணு திரும்பும் பவுனம்மா. நான் பொறுப்பு."

"எப்போ திரும்பும்?"

"மூணு நாலு வருஷம் ஆகும்."

"அது வரைக்கும் நான் எங்க நிக்கறது, இந்த வரப்புலயா?"

பவுனம்மா ஆடுகள் போன திசையைப் பார்த்தாள். பிறகு கோபமில்லாமல் கேட்டாள்.

"நாளைக்குக் கூட்டத்துல டம்ளரைத் தூக்குவீங்களா சார்?"

"அதைத்தான் அம்மாகிட்ட கேக்க வந்தேன்."

"தூக்காதீங்க. தூக்கினா நம்பிடுவாங்க. நானே மறுபடியும் நம்புவேன். உங்க மூஞ்சி அப்படி."

கலியபெருமாள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். குரு அவர் பக்கம் திரும்பவில்லை.

"கூட்டத்தை இங்கேயே வச்சுக்கறேன்," என்றார் கலியபெருமாள். "இந்த வரப்புல. நான் எதையும் குடிக்கல. எல்லாரும் ஆளுக்கு ஒரு ஓடு பெயர்த்துப் பாக்கட்டும். ஜிப்சம் கலந்த தண்ணியை முதல்ல நிலையத்து நிலத்துக்குப் பாய்ச்சறோம். ரெண்டு கோடை போகட்டும். அதுல முளைச்சா உங்க மடையைத் திறங்கன்னு சொல்றேன்."

"மேலே இருக்கவங்க சும்மா விடுவாங்களா?" என்று கேட்டாள் பவுனம்மா.

"விட மாட்டாங்க."

"வேலை?"

"போகும்."

பவுனம்மா தலையசைத்தாள்.

"நல்ல காரியம்தான் சார். முதல்லயே செஞ்சிருந்தா என் வயலுக்கும் நல்லதா இருந்திருக்கும்."

அவள் ஆடுகளைத் தேடிப் போய்விட்டாள். அவள் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நிழல் காலடிக்கு வந்தபோது கலியபெருமாள் வயலைப் பார்த்தார். தண்ணீரைக் காணோம். சட்டென்று எழுந்து அங்கே போனார்.

"போயிடுச்சு அம்மா."

"எங்க போச்சு?"

அவர் மண்டியிட்டு விரல் நகத்தால் மண் ஓட்டைப் பெயர்த்தார். அடியில் புழுதியாகக் காய்ந்திருந்தது. நிமிர்ந்து வெயிலைப் பார்த்தார். மண்ணுக்குள் ஒரு சொட்டும் இறங்கியிருக்கவில்லை.

அங்கேயே, மண்டியிட்டபடியே, கேட்டார்.

"இந்த மண்ணு என்னை மன்னிக்குமா அம்மா?"

தில்லைநாயகி அம்மா காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"கோவம் இருந்தாத்தானே மன்னிக்க, இன்ஜினியர்? அதுக்கு உங்க மேல கோவமே இல்ல. நீங்க அன்னைக்குக் குடுத்ததை, முடிஞ்ச வரைக்கும் குடிச்சுது."