மலைக்குக் கறுப்பு ஓரம்

மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் மீட்டரைப் பார்த்தே ஓய்வு பெற்ற சங்கரபாண்டியன், அறுபது வயதில் கேமராவைக் கையில் எடுத்தார். தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜெபக்கனியிடம் போய்ப் படம் எடுக்கக் கற்றுத்தரச் சொன்னார். அவள் அவரைவிட இருபது வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்றார், அவள் அவரை சார் என்றாள். இதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு வருஷத்தில் அவர் எடுத்ததில் உருப்படியான படம் ஒன்றுதான். மழை விட்ட சாயங்காலம், மலை, அடிவாரத்தில் வயல், வயலோரம் ஓர் ஓட்டு வீடு. அந்த வீட்டில்தான் அவர் மனைவி கோமு பிறந்தாள்.

கோமுவுக்கு வியாழக்கிழமை மதுரையில் இதய ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்கு எதிரே இந்தப் படம் இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. திங்கட்கிழமை ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து, படத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு அட்டை வெட்டிவைத்து, சட்டம் போட்டு எடுத்துப்போனார்.

மறுநாள் காலை சட்டத்தோடு திரும்பி வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“படத்துல என்ன குறை டீச்சர்?”

“படத்துல குறை இல்ல.”

“அவ பாத்தா. ‘தோற்றம், மறைவு மட்டும் எழுதாம விட்டுட்டியளே’ன்னு சொல்லிட்டு, சுவரைப் பாக்கத் திருப்பி வச்சுட்டா.”

ஊரில் எந்தச் சுவரிலும் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் கறுப்பு ஓரம்தான். தினமும் அதைத் தாண்டித்தான் அவர் ஸ்டுடியோவுக்கு வருகிறார்.

“கலர் எடுப்பாத் தெரியும்னுதான் கறுப்பு வச்சேன். நீங்களாவது நேத்தே சொல்லியிருக்கலாம்.”

“நீங்க கேக்கலையே.”

ஜெபக்கனி ஆணியைக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்தாள். நாலு வெள்ளை அட்டைத் துண்டுகளைச் சுற்றிலும் வைத்தாள்.

“என்ன தெரியுது?”

“மலை தள்ளிப் போயிட்டு. ஏதோ ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாப் பாக்க மாதிரி இருக்கு.”

பச்சைத் துண்டுகளை வைத்தாள்.

“வயல்தான் தெரியுது. மலையைக் காணும்.”

மறுபடியும் கறுப்பை வைத்தாள். இந்தத் தடவை அவர் வெகுநேரம் பார்த்தார்.

“மேகம் கீழ இறங்குது. வீட்டுல ஆள் இல்ல.”

வீட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவரே சொன்னார். “படம் எடுத்த அன்னைக்கு அந்த வீட்டுலதான் டீச்சர் காப்பி குடிச்சேன். மச்சான் பிள்ளைக எல்லாம் உள்ளதான் இருந்துது.”

ஜெபக்கனி துண்டுகளை அடுக்கி ஓரமாக வைத்தாள்.

“இதுல எதுதான் சரி?” என்றார்.

“படம் யாருக்கு?”

“அவளுக்கு.”

“அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?”

ஓரம் இல்லாமல் வெறும் படத்தை மட்டும் உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

புதன்கிழமை, கடை திறந்ததும் வந்து நின்றார். மத்தியானம் மதுரைக்குக் கார் சொல்லியிருந்தது. படத்தை மேசையில் வைத்தார். முகத்தில் நேற்றைய வாட்டம் இல்லை, அதற்குப் பதிலாக ஒரு சண்டை இருந்தது.

“ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வரையில கட்டிக்கிடணும்னு ஒரு சேலை எடுத்து வச்சிருக்கா. மாம்பழ மஞ்சள். அதைக் கட்டில்ல விரிச்சு, மேல படத்தை வச்சுப் பாத்தா.”

“என்ன சொன்னாங்க?”

“இப்பத்தான் விடியுதுங்கா.”

ஜெபக்கனி அலமாரியில் தேடி ஒரு மஞ்சள் அட்டையை உருவினாள். இரும்பு ஸ்கேலை அதன்மேல் வைத்தாள்.

“விடியல்ல எடுத்த படம் இல்ல டீச்சர்” என்றார் சங்கரபாண்டியன். “சாயங்காலம் ஆறு மணி. கேமராவோட நின்னது நான். நாளைக்கு அவ கண்ணு முன்னால போய் ஒரு பொய்யையா மாட்டச் சொல்லுதீங்க?”

அவள் பிளேடைக் கையில் எடுத்தாள்.

“திங்கக்கெழம இதே மேசையிலதான் கறுப்பு வெட்டினீங்க.”

“ஆமா.”

“மலையப் பாத்து வெட்டினீங்களா சார், வியாழக்கெழமையப் பாத்து வெட்டினீங்களா?”

சங்கரபாண்டியன், அட்டை நகர்ந்துவிடாமல் இருக்க, ஸ்கேலின் மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.